முத்துசாமி: கடல் தாண்டிக் குடும்பப் பேராகிப் போன நம்ம முருகன் பேரு

ஓம் சரவணபவ! வேலும் மயிலும் துணை!

இன்னைக்குப் பாடம் ஒரே ஒரு பேரைப் பத்தினது. நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு தாத்தாவுக்கு இருக்கிற பேரு. ஆனா கடல் தாண்டிப் போனா அதுவே அபூர்வமான ஒரு குடும்பப் பேரு. எப்படி அப்படி ஆச்சுனு பார்ப்போம்.

முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன்.

ஒரு காலிக் கட்டம்

2025 நவம்பர் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்ல உட்கார்ந்து லேப்டாப்புல பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டிருந்தேன். "சர்நேம்"னு ஒரு கட்டம் வந்துச்சு. நமக்கு ஏது சர்நேம்? பேரு ஒண்ணு, அதுக்கு முன்னால அப்பா பேரோட முதல் எழுத்து. அவ்வளவுதான். என் பேருக்கு முன்னால இருக்கிறது 'மு.' அதை விரிச்சா முத்துசாமி.

உண்மையைச் சொல்றேன், காலேஜ்ல இந்த 'மு.'வை விரிச்சுச் சொல்ல எனக்குக் கூச்சம். வெளியூர்ப் பசங்க அப்பா பேரை வெச்சு "என்ன சாமி, வரம் தா சாமி"னு கிண்டல் பண்ணுவாங்க. அதனால அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன்.

அப்பா பக்கத்துல உட்கார்ந்து டிவியில கிரிக்கெட் பார்த்துக்கிட்டிருந்தார். கவுகாத்தியில இந்தியா, தென்னாப்பிரிக்கா டெஸ்ட் மேட்ச். திடீர்னு அவர், "தம்பி, யாருப்பா அது? நம்ம பேரைச் சொல்றாங்க?"னு கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். செனுரன் முத்துசாமி. தென்னாப்பிரிக்கா ஆளு. அன்னைக்கு 109 ரன் அடிச்சார்.

டர்பன்ல பிறந்தவர். 2019-ல் விசாகப்பட்டினத்துல தன் முதல் டெஸ்ட் ஆடினப்போ, அவர் எடுத்த முதல் விக்கெட் விராட் கோலி. குடும்பத்தோட வேர் நாகப்பட்டினம். அவருக்கு முத்துசாமிங்கிறது அப்பா பேரு இல்ல, குடும்பப் பேரு. தலைமுறை தலைமுறையா வர்றது.

நான் காலியா விட நினைச்ச கட்டத்தை ஒரு குடும்பம் இத்தனை தலைமுறையா நிரப்பி வெச்சிருக்கு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன்.

பேரோட பொருள்

முத்து + சாமி. சாமி யாருன்னு உங்களுக்கே தெரியும். முத்து எங்கிருந்து வந்துச்சு?

சீர்காழிக்குப் பக்கத்துல வைத்தீஸ்வரன் கோயில் இருக்கு. பழைய பேரு புள்ளிருக்குவேளூர். அங்கே நோய் தீர்க்கிற வைத்தியநாதரா சிவபெருமான் இருக்கார். அவரோட பிள்ளையா அங்கே நிக்கிற முருகனுக்குப் பேரு செல்வமுத்துக்குமாரசுவாமி. அர்த்தசாம பூஜை அங்கே முதல்ல பிள்ளைக்கு, அப்புறம்தான் அப்பாவுக்கு. குமரகுருபரர் இந்த முத்துக்குமாரசாமிக்கு ஒரு பிள்ளைத்தமிழே பாடியிருக்கார்.

முத்துக்குமாரசாமியைச் சுருக்கிக் கூப்பிட்டா முத்துசாமி. முத்தையா, முத்துக்குமரன், முத்துவேல்னு இதே குடும்பத்துல இன்னும் பல பேரு உண்டு. அருணகிரிநாதருக்குத் திருவண்ணாமலையில முருகன் அடியெடுத்துக் கொடுத்த முதல் திருப்புகழும் 'முத்து'ங்கிற சொல்லுலதான் தொடங்குது. அதனால முத்துக்கும் முருகனுக்கும் உறவு ரொம்பப் பழசு.

இந்தப் பேரு வெச்ச பிள்ளைகள்ல ரொம்பப் புகழ் பெற்றவர் முத்துசுவாமி தீட்சிதர். அவரோட அப்பா ராமசுவாமி தீட்சிதர் குழந்தை இல்லாம வைத்தீஸ்வரன் கோயில்ல வேண்டிக்கிட்டார். 1775-ல் திருவாரூர்ல பிள்ளை பிறந்துச்சு. அந்த முருகன் பேரையே வெச்சாங்க. பின்னாளில் அவர் தன் கீர்த்தனைகள்ல முத்திரையா வெச்சுக்கிட்டதும் 'குருகுஹ'ங்கிற முருகன் பேருதான்.

ஆனா ஒண்ணு. எல்லா முத்துசாமியும் அந்தச் சன்னதிப் பேருனு அடிச்சுச் சொல்லக் கூடாது. அம்மை போட்டா உடம்புல வர்ற கொப்புளத்தை 'முத்து'ன்னு சொல்றது நம்ம வழக்கம். முத்துமாரின்னு அம்மனையே கூப்பிடுறோம். அந்த வழியாவும் முத்து பேருக்குள்ள வந்திருக்கலாம். முக்கியமான விஷயம், இந்தப் பேருக்குச் சாதி கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்தோட முதல் இந்திய நீதிபதியும் முத்துசாமி. வயல்ல நாத்துப் பறிச்சவரும் முத்துசாமி.

கப்பல் ஏறின முத்துசாமிகள்

பிரெஞ்சுக்காரங்க 1848-ல் தங்களோட காலனிகள்ல அடிமை முறையை ஒழிச்சாங்க. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும். எங்கே தேடினாங்க? புதுச்சேரியும் காரைக்காலும் அப்போ அவங்க கையில. சுத்தி இருந்த தமிழ்க் கிராமங்கள்ல பஞ்சமும் கடனும். அஞ்சு வருஷ ஒப்பந்தம்னு சொல்லிக் கப்பல் ஏத்தினாங்க.

கரீபியன் கடல்ல இருக்கிற மார்த்தினிக் தீவுக்கு 1853 மே மாசம் 'ஒரேலி'ங்கிற கப்பல் முதல் கூட்டத்தோட போய்ச் சேர்ந்துச்சு. அதே கப்பல்தான் 1854 டிசம்பர்ல பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோச்சு. ஆப்பிரிக்காவோட தென்முனையைச் சுத்திக்கிட்டு ஏறக்குறைய மூணு மாசப் பயணம். 1854-லிருந்து 1889 வரைக்கும் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனாங்க. எல்லாரும் தமிழர் இல்ல. ஆனா தமிழர் நிறைய.

காரைக்கால்லேர்ந்து வைத்தீஸ்வரன் கோயிலுக்கு இன்னைக்குத் தரங்கம்பாடி வழியா பஸ்ஸுல ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அந்த வட்டாரத்து ஆளுங்க ஏறின கப்பல்ல எத்தனை முத்துசாமி இருந்திருப்பாங்கனு யோசிச்சுப் பாருங்க.

பேரு எப்படி குடும்பப் பேரு ஆச்சு?

இங்கேதான் என் பாஸ்போர்ட் கட்டம் வருது.

போய் இறங்கினவர்கிட்ட எழுத்தர் பேரைக் கேட்டார். "முத்துசாமி." ஊரு, அப்பா பேரு, வயசு, ஒரு பதிவு எண். அவ்வளவுதான் பதிவு. அவருக்கு அங்கே பிள்ளை பிறந்தப்போ பிரெஞ்சு வழக்கப்படி பிள்ளைக்கு ஒரு குடும்பப் பேரு வேணும். நம்ம ஆளுக்கு இருந்தது ஒரே பேரு. அதுவே பிள்ளையோட குடும்பப் பேரு ஆச்சு. முன்னால பியர், ழான்னு ஒரு கிறிஸ்தவப் பேரு, பின்னால முத்துசாமி. பேரன், கொள்ளுப்பேரன்னு யாருக்கும் அது மாறல.

நம்ம ஊர்ல பேரு ஒவ்வொரு தலைமுறையும் உருளும். அப்பா பேரு பிள்ளைக்கு இனிஷியல். பிள்ளை பேரு பேரனுக்கு இனிஷியல். அங்கே முதல்ல இறங்கினவர் பேரு அப்படியே நின்னுபோச்சு. கப்பல்லேர்ந்து இறங்கின ஒரு கூலித் தொழிலாளி பேரு ஒரு வம்சத்துக்கே பேராச்சு.

இது நமக்குத் தூரத்துக் கதைனு நினைக்காதீங்க. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டுல ஒரே பேரு மட்டும் இருந்தா விசிட் விசா கிடையாதுனு அறிவிச்சது. அதனால நம்ம பசங்க பலர் இப்போ அப்பா பேரைச் சர்நேமா எழுதுறாங்க. வெளிநாட்டுல அவங்களுக்குக் குழந்தை பிறந்தா அந்தத் தாத்தா பேரே குழந்தைக்கும் தொடருது. 1854-ல் தொடங்கினது இன்னைக்கும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

எழுத்தைப் பார்த்து வழியைக் கண்டுபிடிக்கலாம்

இது ரொம்ப சுவாரசியமான பகுதி. இங்கிலீஷ் எழுத்துல பேரை எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்த்தாலே, அந்தக் குடும்பம் எந்த ஆட்சி வழியா வந்துச்சுனு பெரும்பாலும் சொல்லிடலாம்.

1. பிரெஞ்சுல 'உ' ஓசைக்கு ஓ, யு ரெண்டையும் சேர்த்து எழுதுவாங்க. ரெண்டு உயிர் ஓசைக்கு நடுவுல ஒரே ஒரு எஸ் வந்தா அதை 'இசட்' மாதிரி வாசிப்பாங்க. 'முத்துஸாமி'னு சரியா வரணும்னா ரெண்டு எஸ் வேணும். அதனால பிரெஞ்சு எழுத்தர் எழுதினது: எம்-ஓ-யு-டி-ஓ-யு-எஸ்-எஸ்-ஏ-எம்-ஒய். பார்க்க வேற பேரு மாதிரி இருக்கும். வாய்விட்டுப் படிச்சா நம்ம முத்துசாமி!

2. பிரிட்டிஷ் எழுத்தர் பழைய பாணியில 'உ'வுக்கு ரெண்டு ஓ போடுவார். டி-யோட எச் சேர்த்தா 'த்'. டர்பனுக்கு 1860-ல் 'ட்ரூரோ' கப்பல்ல முதல் கூட்டம் போய் இறங்கினதுல தொடங்கி, தென்னாப்பிரிக்காவுல நம்ம பேருங்க இந்த ஆங்கில வழியிலதான் பதிவாச்சு.

3. மொரீஷியஸ் 1810 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில, அப்புறம் பிரிட்டிஷ். அதனால அங்கே ரெண்டும் கலந்திருக்கும். சுப்பிரமணியனை எழுதும்போது முன்பாதியில ஆங்கில பாணியில ரெண்டு ஓ, கடைசியில பிரெஞ்சு பாணியில ஐ-இ-என். பக்கத்து ரீயூனியன் தீவுல அதே சுப்பிரமணியனுக்கு முன்பாதியிலயும் ஓ-யு. ஒரே முருகன், ரெண்டு எழுத்தர்!

அடுத்த தடவை விசித்திரமான எழுத்தோட ஒரு பேரைப் பார்த்தா கண்ணால படிக்காதீங்க. வாய்விட்டுப் படிங்க. கந்தசாமியோ வீரசாமியோ உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பார்.

இன்னைக்கு எங்கே இருக்கு இந்தப் பேரு?

குவாதலூப், ரீயூனியன் தீவுகள்ல பிரெஞ்சு முத்துசாமி பழக்கமான பேரு. பிரான்ஸ்ல அபூர்வம். அமெரிக்காவுல ரொம்பவே அபூர்வம்.

குவாதலூப்ல எர்னஸ்ட் முத்துசாமின்னு ஒருத்தர். 1981-லிருந்து 2002 வரைக்கும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர். சேன் பிரான்சுவா ஊரோட மேயராவும் இருந்தார். எழுத்தாளரும் கூட, அந்தத் தீவுல இருக்கிற இந்திய மரபைப் பத்தியே புத்தகம் எழுதியிருக்கார். கூலித் தொழிலாளியா வந்தவங்க பேரு பாரீஸ் நாடாளுமன்றத்துல ஒலிச்சிருக்கு.

இது சும்மா கிடைச்சதில்ல. அங்கே பிறந்த இந்திய வம்சாவளிக்கு ஓட்டுரிமையே மறுத்தாங்க. அதை எதிர்த்து 1904-லேர்ந்து 1923 வரைக்கும் ஒருத்தர் போராடி ஜெயிச்சார். அவர் பேரு ஆன்றி சிதம்பரம். ஆமா, தில்லைச் சிதம்பரம்தான் அவருக்குக் குடும்பப் பேரு.

அமெரிக்காவுல, சிகாகோவுல, ஜான் முத்துசாமின்னு ஒரு கட்டடக் கலைஞர். புகழ்பெற்ற மீஸ் வான் டெர் ரோகிட்ட படிச்சவர். கறுப்பின மக்களோட முக்கியப் பத்திரிகைகளான எபொனி, ஜெட் ரெண்டையும் நடத்தின ஜான்சன் நிறுவனத்துக்கு 1970களோட தொடக்கத்துல சிகாகோ நகரத்து நடுவுல 11 மாடித் தலைமையகத்தை வடிவமைச்சார். அவர் மகள் ஜீன் முத்துசாமி ஆஷ், புகைப்படக் கலைஞர். விம்பிள்டன் பட்டம் ஜெயிச்ச முதல் கறுப்பின ஆண் வீரர் ஆர்தர் ஆஷை 1977-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் முத்துசாமியை விடல. கணவர் பேரைப் பின்னால சேர்த்துக்கிட்டாங்க. அவங்க அப்பாவழித் தாத்தா குவாதலூப்லேர்ந்து வந்தவர்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. உங்க வகுப்புல முத்துசாமின்னு ஒரு பையன் இருக்கானா? என் சித்தி பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல விசாரிச்சேன். அவ வகுப்புல ஒருத்தர்கூட இல்லயாம். இருக்கிற முத்துசாமி எல்லாம் இனிஷியலுக்குள்ள. இல்லன்னா வயசானவங்க.

பேரு பிழைச்சுது, கதை?

குவாதலூப்ல பேச்சு மொழியா தமிழ் போயிடுச்சு. பலர் கத்தோலிக்கர் ஆயிட்டாங்க. ஆனா மாரியம்மன் 'மாலியேமின்' ஆகி இன்னும் கோயில்ல பூஜை வாங்கிக்கிறா. மசாலாப் பொடி 'கொலம்போ'ங்கிற பேர்ல அந்தத் தீவோட சொந்தச் சமையலே ஆயிடுச்சு. முத்துசாமியும் அப்படித்தான் பிழைச்சார்.

ஆனா எனக்கு மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கப்பல் ஏறின ஒவ்வொரு முத்துசாமிக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா. எந்த வேண்டுதலுக்காக, எந்தச் சன்னதியில, என்ன கண்ணீரோட அந்தப் பேரை வெச்சா? அதை எந்த எழுத்தரும் கேட்கல. பேரு பதிவேட்டுல ஏறிச்சு. கதை கரையிலயே நின்னுபோச்சு.

அப்போதான் எனக்கு உறைச்சுது. என் வீட்லயே, ஒரு கூடத்துல, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற முத்துசாமிகிட்ட நான் இதைக் கேட்டதே இல்ல. எனக்கு வயசு 26.

மறுநாள் காலையில காபி குடிக்கும்போது கேட்டேன். "அப்பா, உங்களுக்கு ஏன் முத்துசாமின்னு பேரு வெச்சாங்க?"

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார். "எனக்கு முன்னால ரெண்டு தவறிப்போச்சுப்பா. அப்பாயி என்னை வயித்துல வெச்சுக்கிட்டு, மாயவரத்துலேர்ந்து வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்தே போச்சாம். 'இது தங்கினா உன் பேரு'ன்னு வேண்டிக்கிட்டு வந்துச்சாம். அப்பாயி இருந்தவரைக்கும் என்னைத் திட்டும்போதுகூட 'டேய்'னு கூப்பிட்டதில்ல. 'முத்துசாமி வாய்யா'ன்னுதான்."

அந்தப் பேரைத்தான் நான் காலேஜ் முழுக்க ஒளிச்சு வெச்சேன்.

குவாதலூப், சிகாகோ கதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அவங்களுக்கு இது யாரு பேருனு தெரியுமா?"னு கேட்டார். "சிலருக்குத் தெரிஞ்சிருக்கும், பலருக்குத் தெரியாதுப்பா"ன்னேன். அதுக்கு அவர், "தெரியலன்னா என்னப்பா? அங்க இருக்கிறவங்க ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் இங்க இருக்கிறவனுக்குக் கேட்கும்"னார்.

விண்ணப்பத்தைத் திரும்பத் திறந்தேன். அந்தக் கட்டத்துல முத்துசாமின்னு நிரப்பினேன்.

இன்னைக்கு வீட்டுப்பாடம்

தம்பி தங்கைகளே, இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது மூணு கேள்வி கேளுங்க.

1. எனக்கு இந்தப் பேரை யார் வெச்சாங்க? ஏன்?
2. என் இனிஷியல்ல இருக்கிற பேருக்குப் பின்னால என்ன கதை?
3. எந்தக் கோயில், என்ன வேண்டுதல்?

கிடைச்ச பதிலை அவங்க குரல்லயே போன்ல பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. கந்தன், வேலன், குமரன், சண்முகம், வள்ளி, தெய்வானைனு நேரடியா இருந்தாத்தான் கேட்கணும்னு இல்ல. புதுசா இருக்கிற பேருக்குப் பின்னாலயும் யாரோ ஒருத்தரோட வேண்டுதல் இருக்கும். உங்க பிள்ளைங்க எந்த நாட்டுல எந்தக் கட்டத்தை நிரப்பினாலும், பேரோட சேர்த்துக் கதையும் அவங்க கையில இருக்கட்டும்.

இந்தப் பதிவை உங்க வீட்டு முத்துசாமிக்கு அனுப்புங்க. போன் பார்க்கத் தெரியாத தாத்தான்னா பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டுங்க.

செல்வமுத்துக்குமாரசுவாமி எல்லாரையும் காக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!